கரையூர்க் கேள்விகள்: எந்த வாசலில் போய் நிற்பது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. வடக்கே எஸ்.பி. பட்டினம், தெற்கே ரோச்மா நகர், நடுவில் உள்ள அத்தனை ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான்: இந்த வேலைக்கு யாரைப் பார்ப்பது? அதனால் ஊர், ஊராட்சி, கடல், தண்ணீர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

என் வீட்டுப் பட்டாவில் ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் வேறு பெயர். நாங்கள் வாயால் சொல்லும் ஊர்ப் பெயர் இரண்டிலும் இல்லை. உண்மையில் நான் எந்த ஊர்க்காரன்?
*தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்*

மூன்று ஊருக்கும் நீங்கள்தான் சொந்தக்காரர், பயப்பட வேண்டாம். பட்டாவில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். நிலத்தை அளந்து, புல எண் போட்டு, வரி வசூலிக்க அந்தக் காலத்தில் வகுத்த எல்லை அது. அதைப் பார்த்துக்கொள்பவர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அதற்கும் மேலே தாசில்தார். 1980 வரை கர்ணம், மணியக்காரர் என்று வந்துகொண்டிருந்த வேலை அது, அந்த வருடம்தான் அரசு அதை ஒழித்தது. இன்றைக்கும் ஊருக்குள் வயதானவர்கள் வி.ஏ.ஓ.வைக் கர்ணம் என்று கூப்பிடுவதைக் கேட்கலாம்.

வீட்டு வரி ரசீதில் இருப்பது கிராம ஊராட்சியின் பெயர். இது தேர்தல் நடத்தித் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிற அமைப்பு, 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வருவது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊருக்குள் ரோடு, சுடுகாடு, இதெல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் வாயால் சொல்லும் பெயர் குக்கிராமத்தின் பெயர். ஒரு ஊராட்சிக்குள் பத்துப் பன்னிரண்டு குக்கிராமம்கூட இருக்கும், அதில் ஏதோ ஒன்றின் பெயர் ஊராட்சிக்குக் கிடைத்திருக்கும், மற்ற பெயர்கள் பஸ் நடத்துநர் வாயில் மட்டும் உயிரோடு இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் வருவாய்க் கிராமங்கள் 400, கிராம ஊராட்சிகள் 429. எண்ணிக்கை பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அலைந்தவர்கள் நிறைய. மேலே போனாலும் இதே கதை: தாலுகா ஒன்பது, ஊராட்சி ஒன்றியம் பதினொன்று. மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஊர் ஒரு பேரூராட்சி, அதனால் மண்டபம் ஒன்றியத்துக்குள் அது வராது, அந்த ஒன்றிய அலுவலகமோ உச்சிப்புளியில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போனால் பாம்பனும் தங்கச்சிமடமும் கிராம ஊராட்சி, அடுத்த ராமேஸ்வரம் நகராட்சி. ஒரே தீவு, ஒரே ரோடு.

சுருக்கமாக, நிலம் என்றால் தாலுகா ஆபீஸ், வசதி என்றால் யூனியன் ஆபீஸ், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பஸ் செலவு மிச்சம்.

நான் சென்னையில் பிறந்தவள், பூர்வீகம் மண்டபம். தாத்தா எப்போதும் ஆண்கடல், பெண்கடல் என்று பேசுவார். இரண்டும் ஒரே கடல்தானே?
*வேளச்சேரி வாசகி*

ஒரே கடல்தான், ஆனால் குணம் வேறம்மா. மண்டபத்து முனையும் ராமேஸ்வரம் தீவும் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதால் வடக்கே பாக் நீரிணைப் பக்கமும் தெற்கே மன்னார் வளைகுடாவும் பிரிந்து கிடக்கின்றன. வடக்குப் பக்கம் ஆழம் குறைவு, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான், அடியில் சேறும் கடல்புல்லும், அலை கரையில் வந்து சும்மா தொட்டுவிட்டுப் போகும். அது பெண்கடல். தெற்குப் பக்கம் ஆழம், பவளப்பாறை, எப்போதும் இரைச்சல். அது ஆண்கடல். பெயர் வைத்தவர்கள் ஆண்கள் என்பது சொல்லாமலே தெரிகிறது.

ஆனால் அந்தப் பெயரை நம்பி வாடை மாதங்களில் வடக்கே போய்விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எடுத்துவிட்டால் சாதுவாகக் கிடக்கிற வடகடல்தான் முறுக்கிக்கொள்ளும், தெற்கே ஓரளவு அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது நேர் எதிர். அதனால்தான் பாம்பன், மண்டபத்துக்காரர்கள் காற்றைப் பார்த்து வள்ளத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவார்கள். இரண்டு கரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாக்கியம் வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. தொண்டிக்காரருக்கு வாடை என்றால் கரையில் உட்கார்ந்து வலை பின்ன வேண்டியதுதான், மூக்கையூர்க்காரருக்குக் கச்சான் காலம் அப்படி.

ஊராட்சி விஷயத்தில் இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. காற்று மாறும்போது பிழைப்பைத் தேடிக் குடும்பமே இடம் மாறுகிற வழக்கம் இங்கே உண்டு, அந்த நேரத்தில் கணக்கெடுக்க வரும் அதிகாரி பூட்டிய வீட்டைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனால், அந்தக் குடும்பம் பயனாளிப் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். ஊரில் ஒருவரிடமாவது ஆதார் நகலும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஊர்த்தலைவர் வேறு, ஊராட்சித் தலைவர் வேறு. யாருக்கு அதிகாரம் அதிகம்?
*தொண்டி அருகே கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு இளைஞர்*

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இந்தக் கரையின் மூல கேள்வி. காகிதத்தில் கேட்டால் ஊராட்சித் தலைவருக்கு. கரையில் நின்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

மீனவ ஊர்களில் ஊர்க்கூட்டம் இருக்கிறது. முஸ்லிம் ஊர்களில் ஜமாத் இருக்கிறது, கத்தோலிக்க ஊர்களில் பங்குச் சாமியாரும் கோயில் கமிட்டியும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது, திருவிழா நடத்துவது, மீன் ஏலத்தில் மகமை பிடித்துப் பொதுப்பணம் சேர்ப்பது, கடலில் வலை மாட்டிக்கொண்டால் யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு என்று பேசி முடிப்பது, கடலில் ஆள் காணவில்லை என்றால் எந்தெந்தப் படகு தேடப் போக வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவெடுப்பது, எல்லாம் இவர்கள்தான். இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் கடலில் நடந்த தகராறை யூனியன் ஆபீசில் மனுவாகக் கொடுத்துப் பதில் வருவதற்குள் அந்த மீன் சீசனே முடிந்துபோகும்.

என் கருத்து, இந்த அமைப்புகளைப் பழைய காலத்து மிச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் புயல் நேரத்தில் ஒரு கரையூரில் இருந்து பார்க்க வேண்டும். அதே சமயம் இவற்றைப் புனிதமாக்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஊர்க்கூட்டத்தில் பெண்ணுக்கு இடம் இருக்கிறதா, ஊருக்குள் வேறு சாதிக்காரருக்குக் குரல் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஊராட்சியில் இருக்கிறது, சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால் இருக்கிறது.

எல்லை இதுதான்: ஊர்க்கூட்டம் சமரசம் பேசலாம், வரி கேட்கலாம், ஆனால் அபராதம் கட்டாதவரை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பது, கடைக்காரரிடம் சாமான் கொடுக்காதே என்பது, படகு இறக்கவிடாமல் தடுப்பது எதற்கும் அதற்கு அதிகாரம் கிடையாது. அது குற்றம், நேராகப் போலீசுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதலாம். ஊராட்சித் தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டு, அதிகப் பணம் கேட்டவரைத் தவிர மற்றவர்களை மனு போடவிடாமல் செய்வதும் அப்படித்தான். அந்தப் பணத்தில் கோயில் கட்டினாலும் பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினாலும் அது ஓட்டை விற்ற காசுதான்.

2019-இல் எங்கள் ஊராட்சித் தலைவராக ஒரு பெண் வந்தார். ஐந்து வருடமும் மேடையில் பேசியது அவர் கணவர். அடுத்த தடவையும் இப்படித்தானா?
*பெயர் வெளியிட வேண்டாம் என்ற கல்லூரி மாணவி, திருப்புல்லாணி ஒன்றியம்*

கணவருக்கு அங்கே நாற்காலியே கிடையாது. ஊராட்சியின் பணத்தை எடுக்க வேண்டுமென்றால் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அதில் வீட்டுக்காரர் கையெழுத்துக்கு இடமில்லை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த ஒதுக்கீட்டை 2016-இல் பாதியாக உயர்த்தினார்கள், அப்படி நடந்த முதல் தேர்தல்தான் 2019 டிசம்பரில் நடந்தது. முதல் தடவை என்பதால் பல ஊர்களில் கணவர், அண்ணன், மைத்துனர் என்று பின்னால் ஒரு ஆள். ஏலத்தில் கூடையை வைத்துக்கொண்டு பத்து வியாபாரிகளை ஒற்றையாளாகச் சமாளிக்கிற பெண்களைப் பெற்ற கரை இது, தீர்மானப் புத்தகம் அவர்களுக்கு ஒரு சுமையா என்ன? வீட்டுக்குள்தான் சிக்கல்.

அடுத்த தடவை எப்போது என்பதும் ஒரு கேள்வி. உங்கள் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர் கையில் நிர்வாகம் போனது. இது முதல் தடவையும் இல்லை, 2016-இல் அறிவித்த தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி 2019 வரை இப்படித்தான் தனி அலுவலர் ஆட்சி நடந்தது. தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். கடலாடி ஒன்றியத்தில் மட்டும் 60 ஊராட்சிகள், திருவாடானையில் 47. ஒரே அதிகாரி இத்தனை ஊருக்கும் தலைவர் என்றால், உங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்பது அவர் காதுக்கு எந்த வருடம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கணவர் பேசியது கோபமாக இருந்திருக்கும், இப்போது பேசக்கூட ஆளில்லை. இரண்டையும் ஏற்கத் தேவையில்லை.

120 அடி போர் போட்டோம், வாயில் வைக்க முடியாத உப்பு. என் பாட்டி கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டி, சிரட்டையால் அள்ளி நல்ல தண்ணீர் கொண்டுவருகிறார். கடலுக்குப் பக்கத்தில் எப்படி?
*வாலிநோக்கம் வாசகர்*

ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது மலையடிவாரத்துக் கணக்கு. கரையில் அது தலைகீழ். மணலில் விழுகிற மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கிற உப்புநீரின் மேல் மிதக்கும், ஏனென்றால் நன்னீர் எடை குறைவு. மேலே ஒரு மெல்லிய படலமாக இருக்கும் அந்தத் தண்ணீரைத்தான் பாட்டி எடுக்கிறார். சிரட்டையால் நிதானமாக அள்ளுவதும் காரணத்தோடுதான். மோட்டார் போட்டு உறிஞ்சினால் மேல்மட்டம் இறங்கும், மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்புநீர் நாற்பது அடி ஏறிவரும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லும் கணக்கு. உங்கள் போர் அந்தப் படலத்தை ஓட்டை போட்டுக்கொண்டு நேராக உப்புக்குள் போய் நிற்கிறது. அதை மூடிவிடுவதுதான் பாட்டியின் ஊற்றுக்கு நீங்கள் செய்யும் உபகாரம்.

இந்தப் படலம் நிலைப்பதற்குக் கரையோர மணல்மேடும் ஊரணியும் வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும், அப்போது ஊரணியில் தேங்கினால்தான் சித்திரை வரைக்கும் கிணற்றில் உப்பு ஏறாது. மணலை லாரியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றால் அது மணல் திருட்டு மட்டுமில்லை, உங்கள் குடிநீரும் அதே லாரியில்தான் போகிறது. இறால் பண்ணைகளையும் கவனியுங்கள். உப்புநீரைத் தேக்குகிற பண்ணை எதுவும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்த முடியாது. அந்த விண்ணப்பத்தைப் பார்ப்பது ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு, எனவே பக்கத்துப் பண்ணையால் கிணறு கெட்டது என்றால் மனு போக வேண்டிய இடம் அதுதான்.

குழாயில் காவிரி வரவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம், மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் வாரியம், ஏறியும் தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சி. இதைப் பார்க்காமல் மனுக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். யாரிடம் சொன்னாலும் எங்களுடையது இல்லை என்கிறார்கள்.
*ஆர்.எஸ். மங்கலம் வட்டார விவசாயி*

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், எவ்வளவு என்று கேளுங்கள். நூறு ஏக்கரும் அதற்கு மேலும் பாயும் கண்மாய் பொதுப்பணித்துறை கையில் இருந்து இப்போது நீர்வளத்துறையிடம் இருக்கிறது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயரெடுத்தது, சந்தேகமில்லாமல் நீர்வளத்துறை. சின்னக் கண்மாய்களில்தான் இந்தப் பந்தாட்டம். மரத்தை அவர்களிடம் சொல்லாமல் நீங்களே வெட்டினால் வழக்கு உங்கள் மேல் வரும், முறைப்படி ஏலம் விட்டால் கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அந்த மரத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். வேரோடு எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். மேலே வெட்டிவிட்டு விட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைக்கும். அப்புறம், மரத்தைவிட முக்கியம் வரத்துக்கால். கண்மாயைச் சுத்தம் செய்துவிட்டு, தண்ணீர் வரும் கால்வாயில் யாரோ வீடு கட்டியிருப்பதை விட்டுவிட்டால் சுத்தமான காலிக் கண்மாய்தான் மிஞ்சும்.

கச்சத்தீவு எந்த ஊராட்சியில் வரும்?
*ராமேஸ்வரம் வாசகர்*

குசும்பு. ஒரு காலத்தில் சேதுபதி ஜமீனைச் சேர்ந்தது, 1974 ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் போனது. வருடா வருடம் அந்தோணியார் திருவிழாவுக்குப் போய் வாருங்கள், வீட்டு வரி கட்டத் தேவையில்லை.

பாம்பன் பக்கத்துத் தீவுகளில் எங்கள் அம்மா காலத்தில் தங்கிப் பாசி எடுத்தார்கள். இப்போது போனால் வனத்துறை பிடிக்கிறது. அது எங்கள் கடல் இல்லையா?
*சின்னப்பாலம் வாசகி*

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன, 1989-இல் சுற்றியுள்ள கடலும் கரையும் உயிர்க்கோளக் காப்பகம். தேசியப் பூங்கா என்றால் வனவிலங்குச் சட்டம் பாயும், தீவில் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஊராட்சிக்கு அங்கே ஒரு செல்வாக்கும் கிடையாது.

சட்டம் சொல்வது அது. நியாயம் கேட்டால் நான் உங்கள் பக்கம்தான் சாய்வேன். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் வெட்டி எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்த பெண்கள் இல்லை. அதுவும் உங்கள் ஊர்ப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் போவது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் போகவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததே அதற்காகத்தான். வெளிநாட்டில் பாராட்டுகிறார்கள், உள்ளூரில் பாசி மூட்டையைப் பறிமுதல் செய்கிறார்கள்.

செய்யக்கூடியது என்ன? பாசி எடுப்பவர் என்ற அடையாள அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள். மீன்வளத்துறையில் மீனவப் பெண்ணாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிவாரணம் எதுவும் வராது. காப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கச் சொல்லி மானியம் தருகிறார்கள், அது இன்னொரு பிழைப்பு, ஆனால் இயற்கைப் பாசி எடுக்கும் உரிமைக்கு அது பதிலாகாது, அப்படிச் சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்க வந்தால் படித்துப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. நல்லதா?
*ராமநாதபுரம் நகரை ஒட்டிய ஊரிலிருந்து*

மனை விற்பவருக்கு நல்லது. ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டும்தான், சேர்த்த மறுநாள் அந்த வேலை அட்டை செல்லாது. சொத்து வரியும் நகராட்சிக் கணக்கில் போகும், கிராம சபை இருக்காது. பதிலுக்குக் குப்பை வண்டியும் பாதாளச் சாக்கடையும் வரும் என்பார்கள், முதலாவது வரும். ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வந்தால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள்.

மூன்று தலைமுறையாகக் கடற்கரையில் இருக்கிறோம். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் உண்டு, பட்டா மட்டும் இல்லை. வீட்டை இடித்துக் கட்டினால் தடுக்கிறார்கள்.
*மூக்கையூர் பக்கத்து வாசகர்*

வீட்டு வரி ரசீது நீங்கள் அங்கே இருப்பதற்குச் சாட்சி, நிலம் உங்களுடையது என்பதற்கு இல்லை. அந்த நிலம் வருவாய்க் கணக்கில் கடற்கரைப் புறம்போக்காக இருக்கும், அதனால்தான் பட்டா இழுக்கிறது. அதோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி சேர்கிறது. 1991-இல் வந்தது, 2011-இல் மாற்றி எழுதினார்கள், 2019-இல் மறுபடி. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அதன் கைக்குள். கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டர் புதுக் கட்டடத்துக்குத் தடை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்கும் நெருக்கமான ஊர் என்றால் 50 மீட்டர்.

பழைய வீட்டைப் பழுது பார்ப்பதும், இருந்த அளவுக்குள் திரும்பக் கட்டுவதும் ஒன்று, புதிதாக எழுப்புவது வேறு. உங்கள் விண்ணப்பத்தில் எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். பக்கத்தில் ரிசார்ட் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள், அதே கேள்வியை மாவட்ட கடலோர மண்டலக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், எனக்கு அனுப்புவதைவிட அது பலன் தரும். மீனவர் குடியிருப்பு என்று வரைபடத்தில் உங்கள் ஊர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். பல ஊர்கள் வரைபடத்தில் வெறும் மணலாக இருக்கின்றன.

கிராம சபைக்குப் போனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போவதில் பிரயோஜனம் உண்டா?
*ஏர்வாடி வாசகர்*

கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள், முதல் வேலையாகப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்துதான் அவர்களுக்கு வேண்டும், ஏனென்றால் ஊர் மக்கள் தொகைக்கு ஏற்ப ஆள் சேர வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. சேராவிட்டால் கூட்டம் செல்லாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவை போக 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1. ஆக ஆறு. இதில் கரையூர்க்காரர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டியது மே 1. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வலையும் ஆளும் கரையில் இருக்கிற ஒரே கிராம சபை அதுதான். மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் பாதி ஊர் தண்ணீரில் இருக்கும், வெள்ளிக்கிழமையில் விழுந்தால் தொழுகைக்குப் போனவர்கள் வருவதற்குள் முடித்துவிடுவார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம், கேட்பதற்குத் தடையில்லை.

போகும்போது பேச்சை வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வரவு செலவை வாசிக்க வேண்டியது கட்டாயம். வாசிக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எல்லாக் கணக்கும் வேண்டும் என்று கேட்காதீர்கள், பக்கம் அதிகம், நேரில் வந்து பார்த்துக்கொள் என்று எழுதித் தட்டிக்கழிப்பார்கள். எந்தத் தெரு, எந்த வருடம், எந்த வேலை, பில் நகலும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலும் என்று கேளுங்கள்.